கேட்டவள்

எம்.ஏ. வரலாறு, தொலைதூரக் கல்வி.
மூன்றாம் தாளில், ஐந்து மார்க் கேள்வியில்
அவள் வந்தாள்: ஹெகேட்டி.
முகம் மூன்று. கையில் தீவட்டி, சாவி.
காலடியில் நாய். இருப்பிடம் முச்சந்தி.
நாலரை போட்டார்கள்.
அரை மார்க் எதற்குப் போனதென்று
வெகுநாள் தெரியவில்லை.

இப்போது கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
ஏழாவது பூத், இரவு ஷிஃப்ட்.
ஓசூருக்கு ஒரு முகம் காட்டுகிறேன்,
சென்னை ரோட்டுக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று.
ஃபாஸ்டேக் வந்தபின்
எவரும் கண்ணாடி இறக்குவதில்லை.
பேலன்ஸ் தீர்ந்தவன் மட்டும்
இறக்கித் திட்டிவிட்டுப் போகிறான்.

அமாவாசைக்கு அந்த ஊரில்
முட்டையும் பூண்டும் முச்சந்தியில் வைத்து
திரும்பிப் பாராமல் நடப்பார்களாம்.
இருட்டில் ஏழைகள் வந்து தின்பார்களாம்.
இங்கே சர்வீஸ் ரோட்டு வளைவில்
குங்குமம் அப்பிய பூசணி சிதறிக் கிடக்கும்.
உடைத்தவர் திரும்பிப் பார்ப்பதில்லை.
எங்கள் நாய், பெயர் ரசீது,
எலுமிச்சையை மோந்து தும்மும்.

வைகாசி அமாவாசை, மணி இரண்டு பத்து.
காற்றில் மாங்கூழ் ஆலையின் புளித்த இனிப்பு.
வெள்ளை வண்டி. கறுப்புக் கண்ணாடி, ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
தடுப்புக்கட்டை எழ நான்கு நொடி.
அதற்குள் உள்ளேயிருந்து
"அம்மா" என்றது ஒரு குரல்.
அலறல் இல்லை.
வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொல்லும் அளவுதான்.
கட்டை எழுந்தது.
நான் பார்க்கவில்லை.
கேட்டேன்.

நாலு மணிக்கு, மார்க்கெட் போகும் பூ வண்டியிலிருந்து
இறங்கி ஓடி வந்தாள் முனிரத்தினா.
காவேரிப்பட்டினத்துப் பக்கம் மல்லித் தோட்டம்.
நெற்றி விளக்கை அணைக்க மறந்திருந்தாள்.
அவள் திரும்பும் பக்கமெல்லாம்
வெளிச்சமும் திரும்பியது.
"பக்கத்து வரிசையிலதான் பறிச்சுக்கிட்டிருந்தா.
கூடை இருக்குது. அஞ்சனா இல்ல."
பதினைந்து வயது. பத்தாவது பாஸ்.
"அவங்கப்பனுக்குத் தெரியுமாம்.
சரின்னு சொல்லிட்டாராம்."

அங்கேயும் பூப்பறிக்கும்போதுதான்
நிலம் பிளந்தது, தேர் வந்தது.
பாதாளத்தானுக்கு மகளைத் தரத்
தலையசைத்தவன் பெற்ற தகப்பன்,
வானத்தை ஆள்பவன்.
அதைத்தான் விடைத்தாளில் விட்டிருந்தேன்.

பார்த்தவன் சூரியன்.
யாரும் வந்து கேட்கும்வரை
வாய் திறக்காமல் மேலே போய்க்கொண்டிருந்தான்.
எங்களிடம் பதினாறு கேமரா.
எழுதிக் கேட்டால் காட்டலாம் என்றார்
போனில் மேலாளர், கொட்டாவிக்கு நடுவே.
அந்த அறைச் சாவி என் இடுப்பில் இருந்தது.
வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடத்தில்
அன்றைக்குத்தான் அது கனத்தது.

வண்டி எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு
பத்து ஒன்பது எட்டுக்குப் பேசினேன்.
வண்டிகளை நிறுத்தும் சிவப்பு டார்ச்சோடு
முன்னால் நடந்தேன்.
பின்னால் அவள், நெற்றியில் விளக்கோடு.
ரசீதும் ஸ்டேஷன் வாசல்வரை வந்தது.

பாகலூர் தாண்டி ஒரு மண்டபம்.
மஞ்சள் பூசி உட்கார வைத்திருந்தார்கள்.
தாலி தட்டிலேயே இருந்தது.
போலீஸ்காரம்மா எல்லாம் கேட்டார்.
நான் ஒன்றே ஒன்று கேட்டேன்:
"ஏதாவது சாப்பிட்டியா?"
"மாம்பழ ஜூஸ் குடுத்தாங்க, அக்கா.
வேணாம்னுதான் இருந்தேன்.
தாகமா இருந்துச்சு. பாதி குடிச்சேன்."

பாதி.
மாதுளை முத்துகளை எண்ணியவர்கள்
இதையும் எண்ணுவார்கள்.
காப்பகத்தில் கொஞ்ச நாள், பாட்டி ஊரில் கொஞ்ச நாள்,
கோர்ட்டுக்கு ஒரு தேதி, பிறகு இன்னொன்று.
தகப்பன் வீட்டிலேயே இருக்கிறான்.
முனிரத்தினா அந்தத் தோட்டத்துக்குப் போவதில்லை.
மொட்டெல்லாம் செடியிலேயே விரிந்து
யாருக்கும் ஆகாமல் உதிர்ந்ததாகச் சொன்னார்கள்.

மீண்டு வந்தவளுக்கு முன்னும் பின்னும்
ஹெகேட்டி நடந்தாள் என்று கதை முடியும்.
எனக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு.
அன்றைக்கு அவளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுகிறேன்.
மற்ற நாள்களில்
பூத்தின் கண்ணாடியைப் பாதி திறந்து வைக்கிறேன்.
ஏ.சி. வீணாகிறதென்று
மேலாளர் இரண்டு முறை எழுதித் தந்துவிட்டார்.